பாரிஸுக்குக் கிளம்பும் முன்: புதிய எல்லைச் சோதனையும் தொண்ணூறு நாள் கணக்கும்

பாரிஸில் தமிழர் கூடும் பகுதியான லாச்சப்பலில் கோயில் தேர் என்றால் லண்டன் வீடுகளில் ஆடி பிறந்ததுமே பேச்சுத் தொடங்கிவிடும். யாருடைய காரில் எத்தனை பேர், யார் வீட்டில் இரவுத் தங்கல், திரும்பும்போது எந்தக் கடையில் எதை அள்ளி வருவது. கடவுச்சீட்டு அந்தப் பேச்சில் கடைசியாகத்தான் வரும். போல்க்ஸ்டனில் காரை ரயிலில் ஏற்றினால் 35 நிமிடத்தில் பிரெஞ்சுக் கரை, மத்தியானச் சாப்பாடு காரே து நோர் நிலையத்துக்குப் பின்னால் ஏதாவது ஒரு கடையில். அப்படிப் போய் வந்து பழகியவர்களுக்கு இப்போது எரிச்சல் தாங்கவில்லை. விரலை வை, கண்ணாடியைக் கழற்று, எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய். முப்பது வருடமாகப் பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என் அத்தான் சொன்னார்: "அகதியாக வந்து இறங்கியபோது கைரேகை எடுத்தார்கள். இப்போது தேர் பார்க்கப் போனாலும் எடுக்கிறார்கள்." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் எரிச்சலை வீட்டில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். புதிய முறை வந்தபின் முதல் தடவையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரரை மனதில் வைத்து. ஊரிலிருந்து விசாவில் வருகிற உறவினர்களுக்கும் தனியாகச் சில பத்திகள் உண்டு.

என்ன மாறியது

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய இடைக்காலம் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. மறுநாளிலிருந்தே நாம் அவர்களுக்கு வெளிநாட்டவர். எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்ற விதியும் அன்றைக்கே நம்மைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அதைக் கணக்குப் பார்த்தது யார்? அதிகாரி ஏடுகளைப் புரட்டுவார், பழைய முத்திரைகள் மேலும் கீழுமாக மங்கிக் கிடக்கும், வரிசை நீண்டு நிற்கும், "சரி போ" என்பார். கண்டும் காணாமல் விட்ட அந்தத் தாராளத்தைத்தான் நாம் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2025 அக்டோபர் 12 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நுழைவு-வெளியேற்ற முறைமையைத் தொடங்கியது. ஈஈஎஸ் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஆறு மாதத்தில் படிப்படியாக விரித்து 2026 ஏப்ரல் 10 அன்று முழுமையாக்குவது என்பது திட்டம். 29 நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. இந்த நாடுகள் சேர்ந்ததுதான் ஷெங்கன், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத கூட்டு. அதன் எல்லைக்குள் முதல் தடவை நுழையும்போது முகப்படமும் வலக்கையின் நான்கு விரல் ரேகையும் எடுப்பார்கள். உள்ளே வந்த நாளும் வெளியே போன நாளும் கணினியில் ஏறிவிடும். முத்திரைக்கு இனி வேலையில்லை. பதிவு கடைசிப் பயணத்திலிருந்து மூன்று வருடம் இருக்கும், அதற்குள் மறுபடி போனால் மறுபடி ரேகை கொடுக்கத் தேவையில்லை, சரிபார்ப்பு மட்டும்தான். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகை கிடையாது, படம் மட்டும். கட்டணம் எதுவும் இல்லை. "தர மாட்டேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் உரிமை அவர்களுக்கு உண்டு.

முதலில்: இது உங்களுக்குப் பொருந்துமா

பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ், நோர்வே என்று ஷெங்கன் நாடுகளின் குடியுரிமை உள்ளவர்களுக்கும், அங்கே வதிவிட அட்டை உள்ளவர்களுக்கும் இந்தப் பதிவு இல்லை. எங்கள் ஆட்களில் பலரிடம் இரண்டு கடவுச்சீட்டு இருக்கும். பாரிஸில் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்து பிரித்தானியக் குடியுரிமையும் எடுத்தவர்கள். அவர்கள் போகும்போதும் வரும்போதும் எல்லையில் பிரெஞ்சு எல்லைக் காவலரிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டையே காட்ட வேண்டும். கையில் முதலில் அகப்பட்டதை நீட்டினால் கணினி உங்களை வெளிநாட்டவராக எண்ணத் தொடங்கிவிடும். பிறகு தொண்ணூறு நாள் தாண்டிவிட்டது என்று நிறுத்தும்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நாட்களை எண்ணுங்கள்

கைரேகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் பயப்படச் சொல்வது கணக்கைப் பார்த்து.

ஜனவரி முதல் ஜூன் வரை 90, ஜூலை முதல் டிசம்பர் வரை 90 என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அப்படி இல்லை. நீங்கள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களை எண்ண வேண்டும். அந்த 180க்குள் ஷெங்கன் மண்ணில் கழிந்த நாட்கள் 90ஐத் தாண்டக் கூடாது. வந்த நாளும் ஒரு நாள், புறப்பட்ட நாளும் ஒரு நாள். இரவு பதினொன்றரைக்கு இறங்கினாலும் அது ஒரு நாள்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். லண்டனில் இருக்கும் ஓர் அம்மம்மா பாரிஸில் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறார். மார்ச் 1 முதல் 30 வரை ஒரு தடவை, மே 1 முதல் 30 வரை இன்னொரு தடவை. ஆக 60 நாள். பிறகு தேருக்காக ஆகஸ்ட் 1 அன்று போய் செப்டம்பர் 9 வரை நாற்பது நாள் தங்க விரும்புகிறார். கூட்டினால் 100 வருகிறது, முடியாது என்று தோன்றும். ஆனால் முடியும். ஆகஸ்ட் 27 அன்று அவர் கணக்கு 87. மறுநாள் 180 நாள் சாளரம் மார்ச் 2இல் தொடங்குகிறது, மார்ச் 1 கழன்று விழுகிறது. அதன்பின் தினமும் முன்னால் ஒரு நாள் கூட, பின்னால் ஒரு நாள் கழிய, 87லேயே நிற்கும். அதே அம்மம்மா பேரப்பிள்ளையின் ஆசையில் ஐந்து நாள் முந்தி ஜூலை 27 அன்றே போனால், ஆகஸ்ட் 25 அன்று சரியாக 90. ஆகஸ்ட் 26 காலையில் எழும்போது அவர் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர். ஐந்து நாள் வித்தியாசம், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை மனதில் போடாதீர்கள். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. போன, வந்த தேதிகளைப் போட்டால் சொல்லிவிடும். என் அம்மா கோயில் கலண்டரில் பாரிஸில் கழித்த நாட்களுக்குச் சிவப்பு மையால் வட்டம் போடுகிறார். ஏகாதசி விரதத்துக்குப் போடும் அதே வட்டம். கணிப்பான் சொன்னதும் அம்மா சொன்னதும் இதுவரை ஒரு நாளும் பிசகவில்லை.

இன்னொன்று: சூரிச்சில் சித்தப்பா வீட்டுக்கும் ஒஸ்லோவில் சிநேகிதி வீட்டுக்கும் போனால் கணக்குப் புதிதாகத் தொடங்காது. எல்லாம் ஒரே உண்டியல். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அயர்லாந்தும் சைப்ரஸும் மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருக்கின்றன.

கடவுச்சீட்டைத் திறந்து இரண்டு தேதிகளைப் பாருங்கள்

காலாவதித் தேதியை எல்லோரும் பார்க்கிறார்கள், வழங்கிய தேதியை யாரும் பார்ப்பதில்லை. ஷெங்கனுக்குள் நுழையும் நாளில் கடவுச்சீட்டு வழங்கப்பட்டுப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் பிரித்தானியக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்களுக்குப் பழைய ஏட்டில் மிச்சமிருந்த மாதங்களை, ஒன்பது வரை, புதியதில் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தச் சலுகைதான் இப்போது பொறி. காலாவதிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே என்று கிளம்பியவர்களை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கே தங்குகிறீர்கள்

ஹோட்டலில் தங்கினால் பதிவுச் சீட்டை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தது. உறவினர் வீட்டில் தங்குவதென்றால்தான் கதை நீளும்.

பிரான்ஸில் தனிப்பட்டவர் வீட்டில் தங்கப் போகும் வெளிநாட்டவருக்கு "அத்தெஸ்தாசியோன் தக்கெய்" என்ற வரவேற்புச் சான்றிதழ் வேண்டும் என்பது சட்டம். அதை எடுக்க வேண்டியவர் அங்கே வீடு வைத்திருப்பவர். தன் பகுதி மேரிக்கு, அதாவது நகரசபைக்கு, நேரில் போக வேண்டும். அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று, 30 யூரோ முத்திரை வரி. விண்ணப்பத்தை நிராகரித்தாலும் அந்த 30 யூரோ திரும்பாது. என் அக்கா பாரிஸ் புறநகர் ஒன்றில் இருக்கிறாள். அவள் போனபோது எத்தனை அறை, எத்தனை சதுர மீட்டர், இப்போது எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "தம்பி ஒரு கிழமை வந்து தங்குவதற்கு வீட்டை அளந்து காட்ட வேண்டியிருக்கிறது" என்று போனில் கொதித்தாள். கொதித்தாலும் எடுத்து அனுப்பினாள். மூலப்பிரதியைத் தபாலில் வாங்கிக்கொள்ளுங்கள், போனில் படம் எடுத்து அனுப்புவது போதாது.

இதை எல்லோரிடமும் கேட்கிறார்களா? பிரித்தானியக் கடவுச்சீட்டோடு போனபோது என்னிடம் ஒரு தடவையும் கேட்கவில்லை. அதற்காக இல்லாமல் போங்கள் என்று சொல்ல மாட்டேன். செலவுக்குப் பணம் காட்டச் சொன்னாலும் அந்தச் சான்றிதழ்தான் கை கொடுக்கும்: பிரான்ஸில் ஹோட்டல் பதிவு உள்ளவர் நாளொன்றுக்கு 65 யூரோ, எதுவும் இல்லாதவர் 120 யூரோ காட்ட வேண்டும், வரவேற்புச் சான்றிதழ் உள்ளவருக்கு 32.50 போதும். திரும்பும் டிக்கெட், பயணக் காப்புறுதி இரண்டையும் அதே உறையில் வையுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் வரிசையில் நிற்கும் நேரம்தான் மின்கலம் தீரும்.

எல்லையில்

லண்டன் சென் பாங்கிராஸ், டோவர், போல்க்ஸ்டன் மூன்றிலும் பிரெஞ்சு எல்லைச் சோதனை இங்கிலாந்து மண்ணிலேயே நடக்கிறது. ஆகவே தாமதமும் இந்தப் பக்கத்திலேயே. விமானத்தில் போனால் இறங்கிய பிறகு. 2025 டிசம்பரில் ஐரோப்பிய விமான நிலையங்களின் சங்கமான ஏசிஐ யூரோப், எல்லையில் எடுக்கும் நேரம் 70 சதவீதம் வரை கூடிவிட்டது, நெரிசல் வேளையில் மூன்று மணி நேரம் வரை காத்திருக்கிறார்கள் என்று முறையிட்டது. அந்த மாதக் கடைசியில் போர்த்துக்கல் அரசு லிஸ்பன் விமான நிலையத்தில் இந்த முறையை மூன்று மாதம் நிறுத்தியே வைத்தது. எனவே முதல் தடவை போகிறவர்கள் டிக்கெட்டில் சொன்ன நேரத்தோடு ஒரு மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளோடு போனால் தண்ணீரும் கடிக்க ஏதாவதும் கைப்பையில் இருக்கட்டும்.

அம்மாவோடு முதல் தடவை போனபோது நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு 74 வயது. முப்பது வருடம் வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்தவர், விரல் நுனிகள் தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும். விமான நிலைய இயந்திரத்தில் கடவுச்சீட்டை வைத்தோம், படித்தது. முகப்படம் எடுத்தது. நான்கு விரலையும் பச்சை வெளிச்சத்தில் வைத்தார். சிவப்பு. திரும்பவும் சிவப்பு. மூன்றாம் தடவையும் சிவப்பு. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விடத் தொடங்கினார்கள். உதவிக்கு வந்த இளம் பெண் அதிகாரி, விரலை நெற்றியில் தேய்த்துவிட்டு வையுங்கள் என்று சைகை காட்டினாள். எண்ணெய்ப் பசை ஒட்டினால் ரேகை தெரியுமாம். அம்மாவும் பக்தியோடு நெற்றியில் நன்றாகத் தேய்த்தார். நெற்றி நிறையத் திருநீறு. கண்ணாடித் தட்டு முழுக்க வெள்ளை. அந்தப் பெண் ஒரு கணம் அதைப் பார்த்தாள், பிறகு காகிதத்தால் துடைத்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களை மேசை அதிகாரியிடம் அழைத்துப் போனாள். அங்கே அவர் விரல் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து எடுத்தார். மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

அதிலிருந்து கற்றது: வயதானவர்களின் கைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே இரவில் கிரீம் பூசுங்கள். வரிசையில் நிற்கும்போது கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொல்லுங்கள். இரண்டு தடவை தோற்றால் இயந்திரத்தோடு மல்லுக்கு நிற்காமல் மேசை அதிகாரியைக் கேளுங்கள். உடல் காரணத்தால் ரேகை கொடுக்கவே முடியாதவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. திருநீற்றை உள்ளே போன பிறகு பூசிக்கொள்ளலாம்.

அதிகாரி கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லுங்கள். அக்கா வீட்டுக்கு, ஐந்து நாள், ஞாயிறு திரும்புகிறேன். அக்காவை எப்போது கட்டிக்கொடுத்தார்கள் என்பது வரை போகாதீர்கள். "எவ்வளவு காலமாக வந்து போகிறோம் தெரியுமா" என்று ஆரம்பிப்பது சுத்த வீண். அந்த மேசையில் இருப்பவர் சட்டம் இயற்றியவர் அல்ல.

ஊரிலிருந்து விசாவில் வருகிறவர்களுக்கு

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு இதில் புதிய துன்பம் குறைவு, பழையது அப்படியே இருக்கிறது. ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறைந்து போகக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பதுதான் முறை. விரல் ரேகையை விசாவின்போதே கொடுத்துவிடுவதால் எல்லையில் புதிதாக எடுப்பது முகப்படம் மட்டும்.

லண்டனுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், "இவ்வளவு தூரம் வந்தோம், பாரிஸையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம்" என்பார்கள். பிரித்தானிய விசா அங்கே செல்லாது. இங்கே வந்து இறங்கிய பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும், ஊரிலேயே ஷெங்கன் விசாவும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

விசா ஒட்டுச்சீட்டில் இரண்டு விஷயம் இருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பது ஒன்று, எத்தனை நாள் என்பது இன்னொன்று. முப்பது நாள் இடைவெளி போட்டு, தங்கும் நாள் 15 என்று எழுதியிருந்தால், உங்களுக்கு உள்ளது பதினைந்துதான். முன்பு இந்தத் தவறு முத்திரை மங்கலில் மறைந்துபோகலாம். இப்போது கணினிக்கு மறதி கிடையாது, அடுத்த விசாவுக்குப் போய் நிற்கும்போது திரையில் வந்து நிற்கும். ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்குப் பலனும் உண்டு: 2024 ஏப்ரலில் வந்த ஏற்பாட்டின்படி, மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை முறையாகப் பயன்படுத்திய இந்தியருக்கு இரண்டு வருடப் பலமுறை விசாவும், அதன்பின் ஐந்து வருட விசாவும் கிடைக்க வழியிருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷெங்கன் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே விசா கேட்கப்படும் பன்னிரண்டு நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. மலிவான டிக்கெட் என்று பிராங்க்ஃபர்ட் வழியாகப் போடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

எட்டியாஸ் என்று பணம் கேட்டால்

விசா தேவைப்படாத நாட்டினருக்கு, அதாவது பிரித்தானியா, கனடா, ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டுக்காரருக்கு, பயணத்துக்கு முன்பே இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதி ஒன்று வருகிறது. பெயர் எட்டியாஸ். 2026ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் தொடங்குவதாக அறிவித்திருக்கிறார்கள். கட்டணம் 20 யூரோ, 18 வயதுக்குக் கீழும் 70க்கு மேலும் இலவசம், மூன்று வருடம் செல்லும்.

அது தொடங்குவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பம் வாங்கும் இணையதளங்கள் முளைத்துவிட்டன. என் மச்சாள் ஒன்றில் எண்பது பவுண் கட்டி, அழகான தங்க நிறப் பட்டையோடு ஒரு சான்றிதழும் பெற்றுக்கொண்டாள். எந்த எல்லையிலும் அதற்கு மதிப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தளம் 'யூரோப்பா.இயு' என்ற முகவரியில்தான் இருக்கும். ஈஈஎஸ்ஸுக்கு யார் பணம் கேட்டாலும் அது ஏமாற்று.

திட்டும்போது ஒன்றை நினைவில் வைப்பது நல்லது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வரும் அக்கா குடும்பத்திடம் பிரித்தானியாவும் 2025 ஏப்ரல் 2 முதல் இதே போன்ற முன் அனுமதியைக் கேட்கிறது. 10 பவுணில் ஆரம்பித்து, ஒரு கிழமைக்குள் 16 ஆக்கினார்கள். பிரெஞ்சு அடையாள அட்டையை மட்டும் காட்டி வருவது 2021 அக்டோபரிலேயே நின்றுவிட்டது.

திரும்பும்போது

வெளியே போவதும் பதிவாக வேண்டும், அதற்கும் வரிசை உண்டு. அந்த வரிசையில் நின்றே விமானத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். வாசனைத் திரவியக் கடையில் நேரம் போக்காமல் முதலில் கடவுச்சீட்டுச் சோதனையைத் தாண்டுங்கள், கடை எங்கும் ஓடிவிடாது.

வெளியேற்றம் பதிவாகாமல் போனால் கணினிக்கு நீங்கள் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பதிவை மூன்றுக்குப் பதில் ஐந்து வருடம் வைத்திருப்பார்கள். ஆகவே திரும்பிய டிக்கெட், விமான ஏற்றச் சீட்டு, லண்டனில் இறங்கிய அன்று அட்டையில் கட்டிய பஸ் காசின் பதிவு என்று, எந்த நாளில் வெளியே வந்தீர்கள் என்பதைக் காட்டும் தாள் ஒன்றை எறியாமல் வையுங்கள். எங்கள் வீட்டில் அவை சுவாமித் தட்டில், பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.